அறியப்பட்ட முதலாவது போட்டி

கடந்த ஆடி மாதம் குச்சவெளிக்குப் போயிருந்தேன். திருகோணமலை நகரிலிருந்து வடக்கே புல்மோட்டை வீதியில் நிலாவெளியையும் இறக்கக்கண்டியையும் கடந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல் சென்றால் வரும் கடலோர ஊர் அது. என் பயணப் பையில் நான்கு சிறு மட்டைகளும் துளைகள் இடப்பட்ட ஆறு பிளாஸ்டிக் பந்துகளும் இருந்தன. விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்த்த அதிகாரி ஒரு பந்தைக் கையில் எடுத்து உருட்டியவாறு இது என்னவென்று கேட்டார். 'பிக்கிள்போல்' என்றேன். "அச்சாறா?" என்று கேட்டுச் சிரித்தபடி பந்தைத் திருப்பித் தந்தார்.

அச்சாறுக்கும் இந்த ஆட்டத்துக்கும் உறவு எதுவும் இல்லை. ஆனால் பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்லத் தொடங்கினால் ஓர் ஆட்டத்தின் வரலாறு எப்படி எழுதப்படுகிறது, எப்படி எழுதப்படாமற் போகிறது என்ற கேள்வியும் கூடவே வரும். அந்த எழுதப்படாமற் போன வரலாற்றில் எனக்கும் ஒரு பங்குண்டு. அது பெருமைப்படத்தக்க பங்கன்று.

முதலில் இந்த ஆட்டம் என்னைப் பிடித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது ஆண்டுகள் பத்திரிகை அலுவலக நாற்காலியில் அமர்ந்தே உழைத்தவனுக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பதே அது வலிக்கும்போதுதான் தெரியவரும். ரொறன்ரோவில் மகள் வீட்டில் தங்கியிருந்த காலத்தில் மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னார். பனிக்காலத்தில் எங்கே நடப்பது? அருகிலிருந்த சமூக நிலையத்தின் உள்ளரங்குக்குச் சென்றேன். அங்கே என் வயதொத்தவர்கள் பூப்பந்தாட்டக் களம் போன்ற ஒரு களத்தில், மேசைப்பந்து மட்டையைவிடச் சற்றுப் பெரிய மட்டைகளுடன், டெனிஸ் போன்ற ஒன்றை ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சீன மூதாட்டி தம் மட்டையை என் கையில் தந்து களத்துக்குள் போகுமாறு சைகை காட்டினார். அன்று உள்ளே போனவன் இன்னும் வெளியே வரவில்லை.

விதிகள் எளியவை. களம் 44 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்டது. வலையின் உயரம் ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம். பந்தை இடுப்புக்குக் கீழிருந்து மேல்நோக்கி அடித்து, எதிரிலுள்ள மூலைவிட்டக் கட்டத்துக்குள் அனுப்பி ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். தொடக்க அடி எதிர்ப்பக்கத்தில் ஒருமுறை துள்ள வேண்டும். அதற்கான மறு அடி நம் பக்கத்திலும் ஒருமுறை துள்ள வேண்டும். அதன் பின்னரே பந்தை அந்தரத்தில் வைத்து அடிக்கலாம். வலையின் இருபுறமும் ஏழடி தூரத்துக்கு ஒரு பகுதி உண்டு. அதனைச் 'சமையலறை' என்பார்கள். அதற்குள் நின்று துள்ளாத பந்தை அடிக்கக் கூடாது. இந்த ஒரு விதிதான் எழுபது வயதுக்காரரையும் இருபது வயதுக்காரரையும் ஒரே களத்தில் நிறுத்துகிறது. வலையருகே பாய்ந்து வந்து ஓங்கி அறையும் இளைஞனை அந்த ஏழடி தடுத்துவிடுகிறது. பிறகு பலத்தைவிடப் பொறுமைக்கே வேலை அதிகம்.

ஐந்து மாதப் பயிற்சிக்குப் பிறகு உள்ளூர்ச் சுற்றுப்போட்டி ஒன்றில் பெயர் கொடுத்தேன். ஆட்டத் தரத்துக்கு ஏற்பப் பிரிவுகள் வகுத்திருந்தார்கள். என்னை ஆகக் கீழ்ப் பிரிவில் சேர்த்தார்கள். முதல் ஆட்டத்தில் 11–2, இரண்டாவதில் 11–4 என்ற கணக்கில் தோற்றேன். தோல்வி எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஒரு பெண்மணி என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி, பதிவுத் தாளில் பிழையின்றி எழுதிக்கொண்டார். தோற்றவனின் பெயர் எதற்கு என்று கேட்டேன். தோற்றவர் இல்லாமல் வென்றவர் எப்படி வருவார் என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி என்னை ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு மேசைக்கு அழைத்துச் சென்றது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த ஆட்டம் பிறந்தது 1965ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் சியாற்றில் நகருக்கு அருகிலுள்ள பெயின்பிறிட்ஜ் தீவில். வொஷிங்டன் மாநிலச் சட்டசபை உறுப்பினராக இருந்த ஜோயல் பிரிச்சர்ட்டும் அவரது நண்பர் பில் பெல்லும் ஒரு சனிக்கிழமை கோல்ப் ஆடிவிட்டு வீடு திரும்பினார்கள். பிள்ளைகள் பொழுது போகாமல் சலித்துப்போயிருந்தார்கள். வளவில் ஒரு பழைய பூப்பந்தாட்டக் களம் இருந்தது. ஆனால் அதற்குரிய உபகரணங்கள் முழுமையாக இல்லை. மேசைப்பந்து மட்டைகளையும் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் பந்தையும் எடுத்து ஆடிப் பார்த்தார்கள். பந்து தரையில் நன்றாகத் துள்ளியது. எனவே ஐந்தடி உயரத்தில் இருந்த வலையை மூன்றடிக்கு இறக்கினார்கள். அடுத்த வார இறுதியில் பார்னி மக்கெலம் என்ற நண்பரும் சேர்ந்துகொள்ள, மூவருமாக விதிகளை வகுத்தார்கள். இல்லாமையிலிருந்து பிறந்த ஆட்டம் இது. 44 அடிக்கு 20 அடி என்ற அளவும் இரவல் வாங்கியதுதான். அது பூப்பந்தாட்ட இரட்டையர் களத்தின் அளவு.

1967இல் ஓர் அயலவரின் வளவில் முதலாவது நிரந்தரக் களம் அமைந்தது. 1972இல் இதற்கென ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1975இல் ஒரு வாரப் பத்திரிகையும் அடுத்த ஆண்டில் ஒரு டெனிஸ் சஞ்சிகையும் இதைப் பற்றி எழுதின. 1976இல் சியாற்றிலுக்கு அருகிலுள்ள ருக்விலா என்னும் ஊரில் ஒரு சுற்றுப்போட்டி நடைபெற்றது. ஆடவர் ஒற்றையரில் டேவிட் லெஸ்டர் முதலிடத்தையும் ஸ்டீவ் பரன்டோ இரண்டாமிடத்தையும் பெற்றார்கள். பங்குபற்றியவர்களில் பலர் கல்லூரி டெனிஸ் ஆட்டக்காரர்கள். இந்தப் புதிய ஆட்டத்தைப் பற்றி அவர்களுக்கு அதிகம் தெரிந்திருக்கவில்லை.

இந்த ஆட்டத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் இப்போட்டியை 'முதலாவது போட்டி' என்று எழுதுவதில்லை. 'அறியப்பட்ட முதலாவது போட்டி' என்றே எழுதுகிறார்கள். அந்த ஒரு சொல்லில் நேர்மை இருக்கிறது. அதற்கு முன்னர் யாரேனும் எங்கேனும் போட்டி வைத்திருக்கலாம். எழுதி வைக்காததால் அது வரலாறு ஆகவில்லை. ருக்விலாவில் இரண்டாமிடம் பெற்றவரின் பெயரும் இன்று நமக்குத் தெரிகிறதென்றால், அதற்குக் காரணம் அன்று யாரோ ஒருவர் அதை எழுதி வைத்ததுதான்.

ஆட்டத்தின் பெயர் பற்றிய வழக்கும் ஏறத்தாழ இப்படித்தான் தீர்ந்தது. பிரிச்சர்ட் வீட்டில் 'பிக்கிள்ஸ்' என்றொரு நாய் இருந்தது, பந்தைக் கவ்விக்கொண்டு ஓடும் அதன் பெயரே ஆட்டத்துக்கும் வந்தது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. மக்கெலமும் அவ்வாறே சொல்லி வந்தார். ஆனால் பிரிச்சர்ட்டின் மனைவி ஜோன் வேறு கதை சொன்னார். படகோட்டப் போட்டிகளில் மற்றப் படகுகளுக்குத் தெரிவு செய்யப்படாமல் எஞ்சியவர்களைச் சேர்த்து விடும் படகை 'பிக்கிள் படகு' என்பார்கள். பல ஆட்டங்களின் எச்சங்களைச் சேர்த்து உருவானதால் தாமே அந்தப் பெயரை இட்டதாக அவர் கூறினார். பின்னாளில் அமெரிக்கப் பிக்கிள்போல் அமைப்பினர் பழைய புகைப்படங்களையும் குறிப்புகளையும் தேடி ஆராய்ந்தார்கள். நாய் பிறந்தது 1968இல், அதாவது ஆட்டம் பிறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு என்று தெரியவந்தது. ஆட்டத்தின் பெயரைத்தான் நாய்க்கு இட்டிருக்கிறார்கள். ஒரு நாயின் பிறந்த ஆண்டைக்கூடத் தேடிக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அவர்களிடம் பதிவுகள் இருந்தன.

வலைக்கு இருபுறமும் நின்று ஆடும் ஆட்டங்கள் நமக்குப் புதியவை அல்ல. 1856 அளவில் தஞ்சாவூர் அரச குடும்பத்தினர் கம்பளி நூற்பந்தை மட்டையால் அடித்து ஆடிய ஆட்டமே பூப்பந்தின் தொடக்கம் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. (தமிழகத்தில் பூப்பந்து என்றால் இந்தக் கம்பளிப் பந்தாட்டம், இலங்கைத் தமிழில் பூப்பந்தாட்டம் என்றால் இறகுப் பந்தாட்டம். வாசகர்கள் குழம்பாதிருக்க இதைக் குறிப்பிடுகிறேன்.) இறகுப்பந்தைக் காற்று அள்ளிக்கொண்டு போகும், கம்பளிப் பந்து காற்றைத் தாங்கும். பூனாவில் ஆங்கிலப் படையினர் ஆடிய இறகுப் பந்தாட்டம் இங்கிலாந்து சென்று, ஒரு பிரபுவின் மாளிகைப் பெயரால் 'பட்மின்ரன்' ஆகி, விதிநூலும் சங்கமும் பெற்றது. தஞ்சாவூர் ஆட்டத்துக்கு இந்திய அளவிலான சம்மேளனம் அமைய 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரண்மனையில் முதலில் ஆடியவர்கள் யார், வென்றவர் யார் என்று சொல்ல இன்று எவரும் இல்லை.

பட்மின்ரனின் இன்னொரு கிளை நமது கடற்கரைக்கே வந்து சேர்ந்தது. 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகர வை.எம்.சி.ஏ.யில் பணியாற்றிய வில்லியம் மோர்கன், கூடைப்பந்தாட்டத்தின் முரட்டுத்தனம் தாங்காத நடுவயது வியாபாரிகளுக்காக ஓர் ஆட்டத்தை வகுத்தார். பட்மின்ரனை நினைவூட்டும் வகையில் அதற்கு 'மின்ரனெற்' என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டில் அது வொலிபோல் ஆனது. நமக்கு அது கரப்பந்தாட்டம். வோல்ற்றர் கமக் என்பவர் கொழும்பு வை.எம்.சி.ஏ. மூலம் 1916இல் அதனை இலங்கையில் அறிமுகப்படுத்தினார். 1991இல் அது நாட்டின் தேசிய விளையாட்டாகப் பிரகடனம் செய்யப்பட்டது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட எழுபத்தைந்து ஆண்டுகளில் கரப்பந்தாட்டத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர்கள் யார்? இரண்டு கம்பு, ஒரு வலை, ஒரு பந்து போதும் என்பதால் மீனவக் கிராமங்களிலும் வயற்கரைகளிலும் அதை வளர்த்தவர்கள் யார்? பிரகடனத்தில் அவர்களது பெயர்கள் இல்லை. பத்திரிகைகளில் இருந்திருக்க வேண்டும்.

இப்போது என் மேசைக்கு வருகிறேன். 1970களின் பிற்பகுதியில் நான் கொழும்பில் ஒரு நாளிதழில் இளம் உதவி ஆசிரியன். பிரதேச நிருபர்கள் தபாலில் அனுப்பும் செய்திகளைச் சுருக்கி, தலைப்பிட்டு அச்சுக்கோப்பாளரிடம் அனுப்புவது என் வேலை. ஒருநாள் குச்சவெளியிலிருந்து கோடிட்ட தாளில் மூன்று பக்கச் செய்தி வந்தது. ஊரில் நடந்த கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி பற்றியது. இறுதியாட்டத்தில் மோதிய இரு அணிகளின் பன்னிரண்டு ஆட்டக்காரர்களின் பெயர்கள், நடுவர் பெயர், வலை தந்தவர் பெயர், இருள் சூழ்ந்தபின் பெற்றோமாக்ஸ் விளக்கு கொண்டுவந்தவர் பெயர் என எல்லாம் அதில் இருந்தன. அன்று பக்கத்தில் இடமில்லை; ஒரு விளம்பரம் கடைசி நேரத்தில் வந்திருந்தது. நான் பேனாவை எடுத்தேன். மூன்று பக்கம் நான்கு வரியாயிற்று. பெயர்கள் அனைத்தும் போயின. அன்று அதை ஆசிரியத் திறமை என்று நினைத்தேன்.

அந்த நிருபர் பின்னர் ஒருமுறை கொழும்பு வந்தபோது என்னைக் கண்டு, கோபமின்றி, "பெயரையாவது விட்டிருக்கலாம் தம்பி" என்று மட்டும் சொன்னார். இன்று அவர் இல்லை.

அதன் பிறகு நடந்தவற்றை வாசகர்கள் அறிவார்கள். 1980களின் நடுப்பகுதியிலிருந்து திருகோணமலை மாவட்டத்தின் வடபகுதி மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தார்கள். வீட்டை விட்டு ஓடுபவர் பிள்ளையைத் தூக்குவாரா, சுவரில் மாட்டிய அணிப் படத்தைத் தூக்குவாரா? எஞ்சியவற்றுள் கடலோரம் இருந்தவை 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையோடு போயின. அதற்கு முன்பே, 1981இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடும் ஓலைச்சுவடிகளோடும் எரிக்கப்பட்டது. ஊர்கள் தங்கள் நினைவைச் சேமித்து வைத்த இடங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. எஞ்சியிருக்கக்கூடியது பத்திரிகைகளின் பழைய கோவைகள்தான்.

இம்முறை குச்சவெளியில் நான் தங்கியது ஓய்வுபெற்ற ஆசிரியரான என் நண்பர் வீட்டில். என்னைப் பார்க்க ஒரு முதியவர் வந்தார். எண்பதை நெருங்கும் வயது, கடல்தொழில் செய்தவர். ஊரில் எல்லாருக்கும் அவர் காக்கா. அந்த இறுதியாட்டத்தில் ஆடியவர்களில் அவரும் ஒருவர். நான் பழைய பத்திரிகைக்காரன் என்று கேள்விப்பட்டு ஓர் உதவி கேட்க வந்திருந்தார்.

"அந்தப் பேப்பர் துண்டு ஒண்டு எடுக்க ஏலுமா தம்பி? கப்பும் இல்ல, போட்டோவும் இல்ல. பேரப்புள்ளைகளுக்குக் காட்டத்தான்."

நான் வாய் திறக்கவில்லை. கொழும்பு திரும்பியதும் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய கோவைகளை இரண்டு நாட்கள் புரட்டினேன். கண்டுபிடித்தேன். ஒற்றைப் பத்தியில் நான்கு வரிகள். குச்சவெளியில் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி நடைபெற்றது, இறுதியாட்டத்தைப் பெருந்தொகையானோர் கண்டுகளித்தனர். அவ்வளவுதான். நாற்பது ஆண்டுகளாக அந்த ஊரவர் நம்பியிருந்த சாட்சியத்தைக் கலைத்தது போரும் கடலும் மட்டுமல்ல, என் பேனாவும்தான்.

ஆனால் அது பின்னர் தெரிந்தது. குச்சவெளியில் இருந்த வாரத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பந்துகளைக் கண்ட பிள்ளைகள் விடவில்லை. கடற்கரை மணலில் இந்த ஆட்டத்தை ஆட முடியாது, பந்து துள்ளாது. நண்பர் ஓரிடம் காட்டினார். முன்னர் களஞ்சியமாக இருந்து கூரையும் சுவரும் போய்விட்ட ஒரு கட்டடத்தின் சீமெந்துத் தளம். அளந்தோம். அகலம் போதும், நீளம் நாற்பதடிதான். நாலடி குறைந்தாலென்ன? பெயின்பிறிட்ஜிலும் இருப்பதை வைத்துத்தான் தொடங்கினார்கள். கரித்துண்டால் கோடு கீறினோம். வலைக்குப் பழைய மீன்வலை. வலை நடுவில் இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது விதி. மீன்வலைக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மதியத்துக்குப் பின் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் துளைப் பந்தும் திசைமாறும் என்பதால் காலையிலேயே ஆடினோம்.

காக்கா ஒரு கதிரை போட்டு அமர்ந்து பார்த்தார். பந்தைத் தொடக்கிய பக்கம் வென்றால்தான் புள்ளி, மறுபக்கம் வென்றால் தொடக்கும் உரிமை மட்டும் மாறும் என்று நான் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் குறுக்கிட்டு, "இது எங்கட பழைய வொலிபோல் கணக்குத்தானே" என்றார். உண்மைதான். 1990களின் இறுதியில் கரப்பந்தாட்டம் கைவிட்ட புள்ளிமுறை அது. உலகத்துக்குப் புதிதாகத் தோன்றும் ஆட்டத்தில் தம் இளமைக் காலத்துக் கணக்கை அவர் கண்டுகொண்டார். அதன் பிறகு நடுவர் அவர்தான்.

கடைசி நாளன்று ஒரு சிறு சுற்றுப்போட்டி வைத்தோம். எட்டுப் பிள்ளைகள், நான்கு சோடிகள். அவர்களில் மூவர் பெண்பிள்ளைகள். ஒவ்வொரு சோடியும் மற்ற மூன்று சோடிகளோடும் ஆட, மொத்தம் ஆறு ஆட்டங்கள். மட்டைகள் நான்கே என்பதால் ஆட்டத்துக்கு ஆட்டம் கைமாறின. முடிவைத் தீர்மானித்த ஆட்டம் 11–9 வரை போனது. பரிசு ஒரு பெட்டி பிஸ்கற். வென்றவர்களும் தோற்றவர்களும் சேர்ந்தே அதைத் தின்றார்கள்.

ஊர்க் கடையில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கியிருந்தேன். திகதி, சோடிகள், புள்ளிகள், நடுவர், வலை தந்தவர், தளத்தைக் கூட்டித் துப்புரவாக்கியவர் என எல்லாப் பெயர்களையும் எழுதினேன். பிள்ளைகளின் பெயர்களை இங்கே தரவில்லை. அவை அவர்களுடைய ஊருக்கு உரியவை, கொப்பியில் இருக்கின்றன. இந்த ஆட்டம் அந்த ஊரில் நிலைக்குமா, நான் விட்டுவந்த நான்கு மட்டைகளும் உடைந்ததும் நின்றுவிடுமா என்பது எனக்குத் தெரியாது. மும்பையில் ஒருவர் 2006இல் சில மட்டைகளைக் கொண்டுவந்ததில் தொடங்கிய இந்திய பிக்கிள்போல், 2025இல் அரசு அங்கீகரித்த சம்மேளனம் வரை வளர்ந்திருக்கிறது. எல்லா விதையும் அப்படி முளைப்பதில்லை. முளைத்தாலும் முளைக்காவிட்டாலும் நடந்தது நடந்ததாக இருக்க வேண்டும்.

குச்சவெளியில் பாறையில் வெட்டப்பட்ட வடமொழிக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் யாரோ ஒருவரின் வேண்டுதல் அதில் நிற்கிறது. நாம் கல்லில் வெட்ட வேண்டியதில்லை. நூறு பக்கக் கொப்பி போதும்.

கொப்பியை மூடப் போகும்போது காக்கா என் கையைப் பிடித்தார். முதற் பக்கத்தை ஏன் வெறுமையாக விட்டிருக்கிறாய் என்று கேட்டார். தலைப்பு எழுத என்றேன். "தலைப்பு பிறகு எழுதலாம். நான் சொல்றன், எழுது" என்றார். அந்தப் பன்னிருவரின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். ஒன்பது பெயர்கள் வந்தன. மூன்று வரவில்லை. நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார், அப்படியும் வரவில்லை. மூன்று வரிகளை வெறுமையாக விட்டேன்.

அந்தக் கரையிலிருந்து புறப்பட்டு இன்று பிரான்சிலோ கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ வாழும் எவரேனும், தம் தகப்பனோ பெரியப்பனோ குச்சவெளிக் கரப்பந்தாட்டத்தில் ஆடியதாகக் கேள்விப்பட்டிருந்தால், வீட்டு மூத்தவரிடம் இன்றே கேளுங்கள். கேட்டு எழுதி வையுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் நான் வெட்டிய பெயர்களில் மூன்று இன்னும் கிடைக்க வேண்டியிருக்கிறது.